சவுரிமுத்து கட்டும் மதில்

1

இந்தக் கதை ஒரு முதியவரின் விரல்களிலிருந்து வந்தது. என் மாமியாரைச் சேர்க்க இடம் தேடி, செம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்தாறு வயசாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சாதாரண மாடி வீடு. ஹாலில் ஒருவர் இட்லியைப் பிய்க்க முடியாமல் பிய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னக் குழிகள், சிவப்பாக. என் அம்மா சித்தாள். ஈரச் சிமெண்ட் அரித்த விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது புதுப்புண்.

முதியோர் இல்லத்தில் இருப்பவர் சிமெண்டில் எதற்குக் கை வைக்கிறார்?

கேட்டேன். "குளிக்கிற டைம் சார்" என்று அவரை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: செம்பாக்கம் ஏரியின் மேல் மாலை வெயில் மெல்லச் சரிந்து— (அடித்துவிட்டேன். வெயில் சரிந்தால் யாருக்கு என்ன?)

இரண்டாவது: அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. (இது இருக்கட்டும். "போர்டு வச்சா ஆஸ்பத்திரி ஆயிடும் சார், இது வீடு மாதிரி" என்றார்கள்.*)

அவருக்கு சவுரிமுத்து என்று பெயர் வைக்கிறேன். கொத்தனார். நினைவு தப்பிவிட்டது. ஒரே மகள் அமலராணி, மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் சமையல் கேஸைத் திறந்துவிட்டார். அதனால்தான் இங்கே. இந்த இடமும் சரியில்லை என்றால் அவள் வேலையை விட வேண்டும், இல்லை மறுபடி பூட்ட வேண்டும்.

* 'மாதிரி' என்று சொன்னாலே எனக்கு ஆகாது. அம்மா வேலை பார்த்த இடங்களில் "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பார்கள். கூடுதல் வேலை வாங்குகிற அன்றைக்கு மட்டும்.

3

வீட்டை நடத்துகிறவர் ஞானஜோதி, ரிட்டயர்டு நர்ஸ். இவரை நல்லவராக எழுதிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. கெட்டவராக எழுதினேன். கை தயங்காமல் ஓடியது, அதனால் அதையும் நம்பவில்லை. பேசவிடுகிறேன்.

வருவதற்கு முன்னால் போன் பண்ண வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அமலராணி ஒரு லீவு நாளில் சொல்லாமல் போய் நிற்கிறாள்.

"எங்கப்பா எங்க சிஸ்டர்?"

"வாம்மா. ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"பெத்த அப்பனப் பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?"

"கோச்சுக்காத. பின்னாடி பிஸியா இருக்கார்."

"பிஸியா? இன்னா, மீட்டிங்கா?"

பின்பக்கம் காம்பவுண்டு மதில் இடுப்பளவு எழும்பியிருக்கிறது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கொத்துக்கரண்டியால் கலவையை வழித்து வைத்துக்கொண்டிருக்கிறார் சவுரிமுத்து.

"ஓசில மதிலு கட்டிக்கிறீங்களா சிஸ்டர்?"

"கத்தாத, கேளு. காலைல எழுந்ததும் வேலைக்கு நேரமாச்சுன்னு கேட்டைப் புடிச்சு உலுக்குறார். கட்டிப்போடணும், இல்ல மாத்திரை குடுத்துப் படுக்கப்போடணும். ரெண்டும் நான் செய்ய மாட்டேன். முதல்ல வெறும் செம்மண்ணக் குழைச்சுத்தான் குடுத்தோம். 'இது கலவையா, கஞ்சியா'ன்னு என் மேலயே வீசிட்டார்."

"கைக்கு கிளவுஸு?"

"போட்டா கழட்டி எறியறார். அவர் வச்சதை ஈரத்தோட நாங்க பிரிச்சுடுவோம். நாளைக்கு மறுபடி வைப்பார்."

அமலராணி குனிந்து கீழ் வரிசைக் கல்லைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"இத எப்ப பிரிப்பீங்க?"

ஞானஜோதி கல்லில் வழிந்த கலவையை விரலால் துடைத்தார். "வீடுன்னா மதில் வேணும்தானேம்மா. அவர் நல்லா கட்டுறார்."

(இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போனது. மாத்திரை தராதது உண்மையாக இருக்கலாம். மதில் கிடைத்ததும் உண்மைதான்.)

4

முடிவு ஒன்று: அமலராணி அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போகிறாள். (மறுநாள் ஷிப்ட். பழைய பூட்டு.)

முடிவு இரண்டு: ஞானஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் மல்க— (தூ.)

முடிவு மூன்று: போலீஸில் புகார் கொடுக்கிறாள். (என்னவென்று? மாத்திரை இல்லாமல் தெளிவாக நிற்கிறார் என்றா?)

5

மூன்றையும் கிழித்த பிறகு மிஞ்சியது இது. அமலராணி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் சண்டை போடவில்லை. மரியாதையாக ஓரடி தள்ளி நின்றார்.

"யாருப்பா உன்ன வேலைக்கு வச்சது?"

"நீ யாரும்மா, மேஸ்திரி பொண்ணா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வேலை கீதான்னு கேட்டுச் சொல்லும்மா. இல்லன்னா இப்பவே சொல்லிடு, வேற எடம் பாக்கணும். வூட்ல பொண்ணு ஒண்ணு படிச்சிக்கினு கீது."

அமலராணி ஞானஜோதியைப் பார்க்கிறாள். ஞானஜோதி மதிலைப் பார்க்கிறார். நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. அவர் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறார். பதில் வராமல் நகர மாட்டார்.

நீங்கள் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாளைக்கு வேலை உண்டா, இல்லையா?