முதுகுக்குச் சாட்சி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மருந்தகத்தில், டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் குலசிங்கத்தின் முன்னால் நின்றவனுடைய சட்டைப்பையில் ஜப்பானியச் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. 1943இல், ஜப்பானியர் ஆட்சியில், ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடக்க, இவனுக்கு அது எங்கிருந்து வந்தது?

"தங்கராஜுங்க. துறைமுகத்துல மூட்டை தூக்குறேன். முதுகு புடிச்சுக்கிச்சு. ஜப்பான்காரன் சயாமுல போடுற ரயில் வேலைக்குப் பேரு எழுதிட்டாங்க. முடியாதுன்னு ஒரு சீட்டு குடுங்கய்யா."

"இங்க சீட்டு குடுக்கிறதெண்டு ஆர் சொன்னது?"

"சிவமணிக்குக் குடுத்தீங்களாமே."

 குலசிங்கம் சீட்டு எழுதிக் கொடுத்த சிவமணிக்கு எந்த நோயும் இருக்கவில்லை. பக்கத்துத் தெரு டிரெசர் அப்படித்தான் ஒருவனுக்கு எழுதிக் கொடுத்தார். அதை வாங்க வந்தவன் ஜப்பானியரின் உளவாளி. பிடித்துப்போன அந்த டிரெசர் இன்னும் வீடு திரும்பவில்லை.

"குனியும் பாப்பம்."

"முடியலைங்க."

பெஞ்சில் படுக்கவைத்து முழங்காலை மடக்கினார். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் வழுக்கிச் சுழன்றது. அங்கே பழுதில்லை. பென்சிலைத் தவறவிட்டது போலப் போட்டார். அவன் முதுகை வளைக்காமல் குந்தி எடுத்துக் கொடுத்தான். உண்மை நோயாளியும் அப்படித்தான் எடுப்பான். நன்றாகப் பழக்கப்பட்டவனும் அப்படித்தான் எடுப்பான். முதுகுவலிக்குச் சாட்சி ஏது?

"சீட்டு இல்லை. எண்ணெய் தாறன். பூசும்."

"போனா செத்துருவேன்யா." மேசையில் ஒரு சிகரெட்டை வைத்தான். "கூலிக்குப் பதிலா இதத்தான் குடுக்குறாங்க."

"அதைக் கொண்டு போம்."

அவன் போனதும் குலசிங்கம் ஜன்னலோரம் நின்றார். சந்தியில் ஜப்பானியக் காவல் சிப்பாய். கடந்து போகிறவர்கள் கழுத்தைத் தொங்கவிட்டு, முதுகைக் கூன்போல வளைத்து வணங்கினார்கள். தங்கராஜு மட்டும் பலகைபோல, இடுப்பு மூட்டில் மடங்கினான். ஜப்பானியர் கேட்கும் வணக்கம் அதுதான். யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்!

 ஆனால் அவன் நிமிரவில்லை. முதுகெலும்புகள் பூட்டிக்கொண்டால் இடுப்பு மட்டுந்தானே மடங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. சிப்பாய் கத்தினான். தங்கராஜு முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேலேயே ஏறுவதுபோல மெல்ல எழுந்தான். கைகள் பக்கவாட்டில் இல்லாததற்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

உளவாளி என்றால் இந்த அறையை ஏன் வாங்குகிறான்? அதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்களோ?

குலசிங்கம் தெருவில் இறங்கினார். சிப்பாயை நன்றாகக் குனிந்து வணங்கினார்.

"தங்கராஜு, இன்னொரு மருந்து இருக்கு. உள்ள வாரும்."

சீட்டில் 'முதுகு வளையாது, சுமைக்கு உதவான்' என்று எழுதி தன் முழுப் பெயரில் ஒப்பமிட்டார். தங்கராஜு கண் கலங்க மறுபடியும் சிகரெட்டை நீட்டினான்.

"வேண்டாம்," என்றார். "சிவமணியின்ர பேரை இனி ஆரிட்டயும் சொல்லாதையும்."