பாதியில் மாறும் தட்டுகள்

மணிக்கூண்டுக்குக் கீழே மஞ்சள் கொடியோடு நின்றவன் என் தம்பி என்பது அம்மாவுக்கும் எனக்கும் முன்பே தெரியும். அப்பாவுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நடையை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவன் அங்கேயேதான் நின்றான்.

இரண்டு நாள் எங்கேயாவது போய் ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆரம்பித்தது அம்மா. எந்த ஊர் என்று முடிவு செய்தது நான். பார்க்க வேண்டிய இடங்களையும் சாப்பிட வேண்டிய கடைகளையும் நடந்தே காட்டும் ஒரு நிறுவனத்தில் மூன்று பேருக்குப் பதிவு செய்ததும் நான்தான்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தம்பியும் அந்தப் படிப்பைத்தான் படித்தான். கடைசி வருடத்தில் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து, வருகிறவர்களுக்கு ஊர் காட்டும் வேலையில் சேர்ந்தான். "ஊர் சுத்துறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். அவன் ஆமாம் என்றான். எந்த ஊரில் என்று அப்பா கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. கடைக்கு வருகிறவர்கள் பையனைப் பற்றி விசாரித்தால், "எனக்கு ஒரே பொண்ணுதான்," என்பார். லென்ஸின் பவரைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்வார்.

எங்களோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும், குடை வைத்திருந்த ஒரு பெண்மணியும் வந்திருந்தார்கள். தம்பி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே என் பக்கம் வந்தான். கொடியின் துணியைச் சரிசெய்கிறவன் போல் குனிந்துகொண்டான்.

"இன்னிக்கா வரணும்?"

"நீதான ஞாயித்துக்கிழமை இருப்பேன்னு சொன்ன."

"இன்னிக்கு எனக்கு ட்ரையல்க்கா. இவ்வளவு நாள் பின்னாடி தண்ணி பாட்டில் தூக்கிட்டு வந்தேன். இன்னிக்குத்தான் தனியா நடத்தறேன். குடையோட நிக்கிறாங்களே, அவங்க முதலாளியம்மா. சொந்தக்காரங்க ஒருத்தர்கூட இருக்கக்கூடாது. போன தடவை ஒருத்தன் மாமனார் வீட்டையே கூட்டிட்டு வந்துட்டான். அவன் குப்பைத்தொட்டியைக் காட்டினாக்கூடக் கைதட்டியிருக்காங்க. அதுலேர்ந்து இந்த ரூல். தெரிஞ்சா இன்னிக்கு நடத்தினது செல்லாது."

"நாங்க போயிடட்டுமா?"

"ஆரம்பத்துலயே ஆள் கழண்டுக்கிச்சுன்னா அதுவும் கெட்ட பேரு. தெரியாத மாதிரி வாங்க, போதும். அவர்ட்டயும் சொல்லிடு."

அவர் என்றால் அப்பா.

எனக்கு யாரிடமும் எதையும் சொல்வது கடினம். நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் குழாய்களில் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. குழாய்கள் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. அப்பா கேட்பார்.

"அப்பா, அவனைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. தெரிஞ்சா அவனுக்கு வேலை கிடைக்காது."

"யாரை?"

"தம்பியை."

"எந்தத் தம்பியை?" அப்பா மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார். "எனக்குத்தான் இந்த ஊர்ல யாரையும் தெரியாதே."

அப்படியென்றால் அறைக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நான் ஊர் பார்க்க வந்தவன். பார்த்துட்டுத்தான் போவேன்."

அப்பாவின் மூக்கும் தம்பியின் மூக்கும் ஒரே அச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். அந்த மூக்கை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

தம்பி மணிக்கூண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினான். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. கட்டியவர் மேலே ஏறி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அவருக்கு உயரம் என்றால் பயம் என்று சொன்னபோது ஜோடி சிரித்தது. குரல் நிலைக்கு வந்தது.

"கைடு சார்," என்றார் அப்பா.

நான் என் காலணியைப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார்."

"கடிகாரம் சரியா ஓடுதா?"

"இல்ல சார். எப்பவும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும்."

"யாரும் சரி பண்ணலையா?"

"பண்ணிப் பார்த்தாங்க. மறுபடி அப்படியேதான் ஓடுது. ஊர்க்காரங்க பழகிட்டாங்க சார்."

"பழகிட்டா தப்பு சரியாயிடுமா?"

"சரியாகாது சார். ஆனா தினமும் அதோட சண்டை போட்டா ரயிலைப் பிடிக்க முடியாது."

ஜோடியில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, "அங்கிள் நல்லா கேட்கிறார்," என்றாள். குடை வைத்திருந்த முதலாளியம்மா சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு முறை, தம்பியை ஒரு முறை பார்த்தார்.

அடுத்தது சூப் கடை. உட்கார இடம் கிடையாது. சுவரோடு ஒட்டிய பலகையில் கிண்ணத்தை வைத்து நின்றபடி குடிக்க வேண்டும். ஆற்றங்கரைக் காற்றில் வந்து நிற்பவர்களுக்குக் காளான் சூப், மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முதல் வாய் சுடும், அவசரப்படாதீர்கள் என்று தம்பி சொன்னான். அப்பா அவசரப்பட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு, சுடாதவர் போல நின்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சாப்பிடப் போனால் ஆளுக்கு ஒன்று வாங்குவோம். பாதி ஆனதும் தட்டை இடப்பக்கம் தள்ளிவிட வேண்டும். எதை வாங்குவது என்று அப்பாவால் ஒருநாளும் முடிவு செய்ய முடியாததால் வந்த ஏற்பாடு. அப்பாவுடையது அம்மாவுக்கு, அம்மாவுடையது எனக்கு, என்னுடையது தம்பிக்கு, தம்பியுடையது அப்பாவுக்கு. யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதி வந்ததும் கை தானாகத் தள்ளும். நான் இதுவரை எந்தக் கடையிலும் ஒரு தட்டை முழுதாக முடித்ததில்லை. தம்பி போன பிறகு என் இடப்பக்கம் யாரும் இல்லை. என் தட்டை மேசைக்குக் குறுக்கே நீட்டி அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

சூப் கடையில் எல்லோருக்கும் ஒரே சூப் என்பதால் அன்று தப்பித்தோம். இருந்தும் அப்பாவின் கிண்ணம் பாதியில் லேசாக நகர்ந்தது. அம்மா அதை முழங்கையால் நிறுத்தினாள்.

பாலத்தில் காற்று அதிகம். நடுவில் நின்றால் ஆறு இரண்டு நிறமாகத் தெரியும், மேலேயிருந்து வரும் மண் நீரும் ஓடையின் தெளிந்த நீரும் கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடும் என்று தம்பி காட்டினான். எல்லோரும் கைப்பிடியில் சாய்ந்து பார்த்தார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அப்பாவுக்கும் முதலாளியம்மாவுக்கும் நடுவில் போய் நின்றேன். பிறகு அங்கே நிற்பதே சந்தேகமாகத் தெரியும் என்று தோன்றி இந்தப் பக்கம் வந்தேன். அப்பா ஆற்றைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பியதும் ஆற்றைப் பார்த்தார்.

"கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான்," என்றார் என்னிடம், மெதுவாக. "பவர் மாறியிருக்கு. செக் பண்ணியிருக்க மாட்டான்."

"யாருப்பா?"

அவர் பாலத்தில் முன்னால் நடந்தார்.

கூரை போட்ட சந்தைக்குள் நுழைந்தபோது அம்மாவின் கஷ்டம் தொடங்கியது. தம்பியின் சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கியிருந்தது. பழக்கடை, ரொட்டிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை எதுவும் அம்மாவின் கண்ணில் படவில்லை. காலர் ஒன்றுதான் பட்டது. விரல்கள் பையின் வாரைப் பிசைந்தன.

"தம்பி," என்றாள் கடைசியில்.

அவன் விறைத்து நின்றான்.

"காலர் மடங்கியிருக்கு பாருங்க."

"தேங்க்ஸ்மா." அவனே சரிசெய்துகொண்டான்.

யாரை வேண்டுமானாலும் தம்பி எனலாம், யாரை வேண்டுமானாலும் அம்மா எனலாம் என்பது அன்று எவ்வளவு வசதியாகப் போயிற்று. அப்பாவுக்குத்தான் அந்த வசதி இல்லை. அவர் சாராகவே இருந்தார்.

அம்மா அதோடு விடவில்லை. "காலைல சாப்ட்டீங்களா தம்பி?"

"சாப்ட்டேம்மா."

"என்ன சாப்ட்டீங்க?"

"அம்மா," என்று நான் அவள் கையைப் பிடித்து ரொட்டிக்கடைப் பக்கம் இழுத்தேன். முதலாளியம்மா ஒரு ரொட்டியை எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை ரொட்டியில் இல்லை.

கடைசி இடம் படகுத்துறைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது என்று சொல்லித்தான் தம்பி உள்ளே கூட்டிப்போனான். சின்னக் கடை. நாலு பேர் உட்காரும் மரமேசைகள். சன்னல் வழியாகப் படகுகள் கட்டை மேல் முட்டுவது தெரிந்தது. சமையல்காரரே வந்து பரிமாறினார். தம்பியைப் பார்த்து, "இன்னிக்கு நீயா தலைவர்?" என்றார். தம்பி காதுவரை சிவந்தான்.

ஜோடியும் முதலாளியம்மாவும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மூவரும் பக்கத்து மேசையில். தம்பி சுவரோரமாக நின்றுகொண்டான். இன்னும் அரை மணி நேரம், அவ்வளவுதான், பிறகு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஏன் நின்னுட்டே இருக்கே?" என்றார் முதலாளியம்மா. "வர்றவங்களோட உட்கார்ந்து சாப்பிடறதும் வேலைதான். அந்த மேசையில ஒரு இடம் காலியா இருக்கு பாரு."

காலியாக இருந்தது என் இடப்பக்கம்.

அவன் உட்கார்ந்தான். அப்பா தண்ணீர் குடித்தார். அப்பாவுக்கு வறுத்த மீன், அம்மாவுக்குக் காய்கறி சாதம், எனக்கு நூடுல்ஸ், தம்பிக்கு முட்டையும் உருளைக்கிழங்கும். முதல் வாய் மீனை மென்றதும் அப்பாவின் முகம் தளர்ந்தது. அவர் நல்ல சாப்பாட்டுக்கு மயங்குகிறவர். நான்கு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். தம்பி தெரியாதவன் போல் சாப்பிட்டான், நாங்கள் தெரியாதவர்கள் போல் சாப்பிட்டோம். எனக்கே அது நன்றாக வந்துவிட்டது போல் இருந்தது. காலையிலிருந்து முதல்முறையாக என் தோள்கள் இறங்கின.

அங்கேதான் தவறு நடந்தது. அப்பாவின் கை அவருடைய தட்டை அம்மா பக்கம் தள்ளியது. அம்மாவின் கை என் பக்கம். என் கை தம்பி பக்கம். தம்பி தன் தட்டை அப்பாவின் முன்னால் வைத்து, என் நூடுல்ஸை ஒரு வாய் எடுத்துவிட்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் யோசிக்கவில்லை. ஒரு வருடமாக நடக்காத ஒன்று, நேற்றும் நடந்தது போல நடந்து முடிந்திருந்தது.

பக்கத்து மேசையில் கரண்டியை வைக்கும் ஓசை கேட்டது.

"முன்னப்பின்ன தெரியாதவங்க எச்சில் தட்டை யாராவது வாங்குவாங்களா?" என்றார் முதலாளியம்மா. குரலை உயர்த்தவில்லை.

தம்பியின் வாயில் நூடுல்ஸ் அப்படியே நின்றது. முதலாளியம்மா எழுந்து வந்து எங்கள் மேசையருகே நின்றார். நேராக அப்பாவிடம் கேட்டார். "சார், நீங்க இவருக்கு என்ன வேணும்?"

தம்பி அப்பாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றால் போதும். பசியில் கவனிக்காமல் தள்ளிவிட்டேன் என்றால் போதும். ஒரு வருடமாகக் கடையில் தினமும் சொல்லிப் பழகிய பதில்தான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"என் பையன்," என்றார்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே எதுவும் இல்லை.

"அப்ப இன்னிக்கு நடத்தினது செல்லாதுப்பா," என்றார் முதலாளியம்மா தம்பியிடம்.

"ஆனா நல்லாத்தானே காட்டினார்," என்றாள் அந்தப் புதுப்பெண் பின்னாலிருந்து.

"நல்லாத்தான் காட்டினார். ஆனா அந்தக் கடிகாரக் கேள்வியும் பதிலும் வீட்டுலயே பேசி வச்சுக்கிட்டு வந்ததுன்னு இப்பத் தோணுதே."

"பேசி வச்சுக்கிட்டா?" அப்பாவுக்குச் சுருக்கென்றது. "நாங்க ஒரு வருஷமா பேசறதே இல்லம்மா."

முதலாளியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். "அடுத்த வாரம் மறுபடி நடத்தட்டும். வேற ஆளுங்களோட," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஜோடியும் தம்பியிடம் தலையை அசைத்துவிட்டு வெளியேறியது.

தம்பி கொடியை மடித்து மேசையில் வைத்தான்.

"ஒரு வருஷமா எனக்குப் பையனே இல்லன்னு சொன்னீங்கல்ல," என்றான். "இன்னிக்கு ஒரு தடவை சொல்லியிருந்தா என்ன? இன்னிக்குத்தான் அது எனக்குத் தேவைப்பட்டுது."

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"வரல."

தம்பி சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவன் தள்ளிவைத்த தட்டில் மிச்சமிருந்த முட்டையைச் சாப்பிட்டார். உருளைக்கிழங்கையும் சாப்பிட்டார். உப்பு கம்மி என்று முணுமுணுத்தார். அம்மா தம்பியின் காலரை, அது சரியாகத்தான் இருந்தது, தொட்டு இன்னொரு முறை சரிசெய்தாள். அவன் விடச் சொல்லவில்லை; திரும்பவும் இல்லை.

"அடுத்த வாரம் கிடைச்சுடும்ல?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றான். "பாலத்துக்கிட்ட ரெண்டு விஷயம் சொல்ல மறந்துட்டேன். அவர் பார்த்துக்கிட்டே இருந்தாரு."

சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அப்பா கூரைகளுக்கு மேலே தெரிந்த மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் நிறைய நேரம் இருக்கே. அந்த ரெண்டு விஷயம் என்ன? பாலத்துப் பக்கமே போகலாம்," என்றார், யாரையும் பார்க்காமல்.

தம்பி அம்மாவின் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் போனான்.

"அது பின்தங்கித்தான் ஓடும்னு சொன்னேனே," என்றான். "பாலத்துக்குப் போகணும்னா வேகமா நடங்க."

சாரும் இல்லை, அப்பாவும் இல்லை. வெறும் நடங்க. அப்பா வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.