குளித்துத் தூங்கும் பிள்ளை

மணிமொழி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்கள் மேல் குப்புறப் போட்டுக்கொண்டாள். பிறந்து பதினோரு நாள். முதுகில் வெந்நீர் விழுந்ததும் வீறிட்டது.

"கத்துடி. ஒங்கப்பன் மாதிரி வாய மூடிக்கினு இருக்காத."

சங்கீதா துண்டுடன் நின்றாள். அவளுக்கு அம்மா இல்லை. பிரசவம் முடிந்து நாத்தனார் மணிமொழியின் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். ஆண்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு. மணிமொழி விரல் விட்டுக் கழுவினாள். தொப்புள் கொடி முந்தாநாள்தான் விழுந்திருந்தது. அங்கே மட்டும் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுத்தாள். இரண்டு பிள்ளை வளர்த்த கை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று நாளாக மழை. சாம்பிராணி போட வைத்திருந்த கொட்டாங்குச்சி நனைந்துவிட்டது. பரணில் ஒரு துண்டு நிலக்கரி காய்ந்து கிடந்தது. லாரியிலிருந்து ரோட்டில் விழுந்தது. மணிமொழி அதை கேஸ் அடுப்பில் காட்டிச் சிவக்க வைத்தாள்.

"அதப் போடலாமா அண்ணி?"

"கரிமேல குடியிருந்துக்கினு கொட்டாங்குச்சிக்கு அலைவாங்களா? போடி."

கரியைச் சட்டியில் போட்டுச் சாம்பிராணி தூவினாள். புகை எழுந்தது. குழந்தையின் தலையை ஆற்றி, பவுடர் பூசி, தூளியில் போட்டாள். சட்டியைத் தூளிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"இருக்கட்டும். ரூம்பு கதகதன்னு இருக்கும்."

ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்திவிட்டுச் சமைக்கப் போனாள்.

சங்கீதா கட்டிலில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் புகை அடங்கியது. வாசனையும் போய்விட்டது. கரி மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருந்தது.

பத்தரை. பால் கட்டி மார்பு வலித்தது. மற்ற நாட்களில் குளித்து ஒரு மணி நேரத்தில் எழுந்து அழும். இன்று இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

"அண்ணி, பாப்பா இன்னும் எழுந்திரிக்கல."

"வுடுடி," கதவுக்கு வெளியிலிருந்து மணிமொழியின் குரல் வந்தது. "குளிச்ச புள்ள அடிச்சிப்போட்டாப்புல தூங்கும். நீயும் தூங்கு."

தலை கனத்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்தாள். கண்ணை மூடினாள். மறுபடி திறக்கச் சிரமமாக இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். பாதியில் விழுந்தது.

இது தூக்கம் இல்லை.

கட்டிலைப் பிடித்து இறங்கினாள். தரை சாய்ந்தது. தூளியை விரித்தாள். குழந்தையின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள். துணிபோல விழுந்தது.

கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வாரி எடுத்தாள். தையல் இழுத்தது. கதவு ஆறடி தூரம். சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்து, கூடம் தாண்டி, வாசலுக்கு, மழைக்குள்.

மணிமொழி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பைத்தியமாடி ஒனக்கு? தலைக்கு ஊத்துன புள்ளய மழையில..."

"அசைய மாட்டேங்குது அண்ணி."

மணிமொழி குழந்தையைப் பார்த்தாள். கரண்டி விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூன்றாவது முறை உதடு கோணியது. மெலிசாக ஒரு சத்தம் வந்தது.

"என்னாடி ஆச்சு?"

"அந்தக் கரி. எனக்கும் தலை சுத்துது."

மணிமொழி செருப்பில்லாமல் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவோடு வந்தாள். ஓட்டுபவர் கேட்பதற்கு முன்னால், "ஆஸ்பத்திரிக்கு," என்றாள்.

ஆட்டோவில் குழந்தை இரண்டு முறை சிணுங்கியது. பிறகு இல்லை.

சங்கீதா அதன் வாயருகே காதை வைத்தாள். இன்ஜின் சத்தம்தான் கேட்டது. நெஞ்சைப் பார்த்தாள். வண்டி குலுங்கியதில் எல்லாமே குலுங்கியது. மூக்கருகே கன்னத்தை வைத்தாள். கன்னம் நனைந்து குளிர்ந்திருந்தது. எதுவும் உறைக்கவில்லை.

"அண்ணி, நீங்க பாருங்க."

மணிமொழி விரலைக் கொண்டுபோனாள்.

"தெரியலடி. எனக்குத் தெரியல."

"அண்ணே, நிறுத்துங்க."

"அந்தத் திருப்பம்தாம்மா ஆஸ்பத்திரி."

"இன்ஜின நிறுத்துங்க!"

நிறுத்தினார். அவரும் பின்னால் திரும்பித் தலையைச் சாய்த்தார். கூரைமேல் மழை தட்டியது. எதிரே ஷிஃப்ட் பஸ் ஒன்று வந்தது. அது கடந்து போகும்வரை மூன்று பேரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள்.

பிறகு கேட்டது. சளி கரகரக்க ஒரு மூச்சு.

நெடுநேரம் கழித்து இன்னொன்று.

"போங்கண்ணே," என்றாள் மணிமொழி.