ஏழாவது கட்டம்

ஜூன் 8, ஞாயிறு

வண்டிக்கென்று தனி நோட்டு போட்டிருக்கிறேன். தெரிந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு குழம்பினால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி 1987 மெட்டடார் வேன். கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக உள்ளே படுக்கை, அடுப்பு மேடை, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டியது. என் அண்ணன் பழனிக்குமார் அவரிடம் டிரைவராக இருந்தான். அவர் பிள்ளைகளிடம் வெளிநாடு போனபோது வண்டியை அண்ணன் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார். ஐந்து வருடமாகக் கன்னிவாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்று துருப்பிடித்துவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் ஒரு டிப்பர் லாரி அண்ணனை பைக்கோடு இடித்தது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. லாரி டிரைவர் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டான். நம்பர் பிளேட் போலி. அடியில் சேஸில் அடித்திருக்கும் நம்பரையும் யாரோ தேய்த்துவிட்டு வேறு நம்பர் அடித்திருந்தார்கள். லாரி யாருடையது என்று தெரியாமலே கேஸை மூடினார்கள்.

இப்போது அண்ணனுக்கு முதுகின் அடியில் படுக்கைப்புண். ஆபரேஷன் செய்ய வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரியில் ஜூலை 3-க்குப் படுக்கை கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் புண் எலும்புக்குப் போய்விடும் என்று திண்டுக்கல் டாக்டர் சொன்னார். அண்ணன் ஆம்புலன்சில் ஏற மறுக்கிறான். போன தடவை ஏழு மணி நேரம் தகரக் கட்டிலில் பட்டை போட்டுக் கட்டிக் கொண்டுபோனதில்தான் இந்தப் புண்ணே வந்தது.

“அந்தப் பெட்டிக்குள்ள இனிமே ஏறமாட்டேன். செத்தா இங்கயே சாகுறேன்” என்றான். பதினைந்து நாள் அரை வயிறுதான் சாப்பிட்டான்.

“நம்ம வேன்லன்னா வாரியாண்ணே?” என்று ஒரு நாள் கேட்டேன். வாய்க்கு வந்ததைக் கேட்டேன், யோசித்துக் கேட்கவில்லை. அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பேப்பர் எல்லாம் சரியா இருந்தா வாரேன். பேப்பர் இல்லாத வண்டில ஏறமாட்டேன்.”

அன்று கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டான்.

ஆகவே திட்டம்: ஜூன் 27 ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டி ஆர்சி புதுப்பிக்க வேண்டும். தேதி வாங்கிவிட்டேன். ஜூலை 2 கிளம்ப வேண்டும். என்ஜினை ஒரு மெக்கானிக் ஓடவைத்துவிட்டார். பாடிதான் சல்லடை. பேகம்பூரில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் முகமது யாசின் பாயிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மறுநாள் பக்ரீத். பாய் ஆடு வாங்கப் போகிற அவசரத்தில் இருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“இது வண்டி இல்ல தங்கச்சி, வண்டியோட போட்டோ. தொட்டா உதிரும்.”

“ஜூன் இருபத்தேழு பாய்.”

“எந்த வருசம்?”

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, “நாலு நாள் ஆளுக வரமாட்டாங்க. அடிச் சட்டத்துல துருவ மட்டும் யாராச்சும் எடுத்து வச்சாக்கூட ரெண்டு நாள் மிச்சம்” என்றார்.

“நான் எடுக்குறேன்.”

“நீயா? மில்லு லேப்ல நூல் எண்ணுறவதானே நீ?” என்று சொல்லிக்கொண்டே சாவியைக் கையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வேடசந்தூர் மில்லில் நான் நூலை எண்ணுவதில்லை, சோதிக்கிறேன். அதைச் சொல்ல நேரமில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். சட்டத்தை ஒரு அடிக்கு ஒரு கட்டமாகச் சாக்பீசில் கோடு போட்டு 22 கட்டம் பிரித்தேன். ஒவ்வொன்றாகக் கம்பி பிரஷ், உப்புத்தாள், துணி, பிறகு ரெட் ஆக்சைடு. முடித்ததும் நோட்டில் டிக். ஏழாவது கட்டம் மட்டும், வலது முன் சக்கரத்துக்குப் பின்னால், சொரசொரவென்று மேடும் பள்ளமுமாக இருந்தது. பிரஷுக்கு மசியவில்லை. அரைகுறையாக விட்டேன் என்று பாய் சொல்லிவிடக் கூடாதே என்று அங்கே கிரைண்டர் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. இருபத்திரண்டிலும் நன்றாக வந்தது அதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

தரைத் தகட்டை முழுக்க வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தாகிவிட்டது. பக்கவாட்டில் பள்ளம் தெரியாமல் பட்டி மாவு போட்டுத் தேய்க்கிறார்கள். பாய் என் அடிச் சட்டத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “கல்யாணப் பொண்ணு மாதிரி வச்சிருக்க” என்றார். நான்கைந்து தடவை அதை நினைத்துக்கொண்டேன்.

வேனில் அண்ணனுக்கான படுக்கைதான் முக்கியம். பாய் போனில் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டார்.

“பழனி, எந்த எடத்துல அழுத்தக் கூடாது? வெக்கப்படாமச் சொல்லு.”

“வெக்கம் போயி அஞ்சு வருசமாச்சு பாய்” என்று சொல்லி, அம்மாவை அளவுநாடா எடுத்துவரச் சொன்னான். ஸ்பாஞ்ச் மூன்று துண்டு; நடுத்துண்டைக் கழற்றினால் புண் இருக்கும் இடத்துக்கு நேரே பள்ளம். படுக்கைச் சட்டத்துக்கு அடியில் நாலு சுருள் கம்பி. குலுக்கல் அதில் போய்விடும். “வலது பக்கம் திரும்ப ஒரு கைப்பிடி வேணும். நானாத் திரும்பிக்கிருவேன்” என்று அண்ணன் சொன்னபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது திரையின் ஓரத்தில் தெரிந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பட்டறைக்குப் போனேன். ஆறரை மணி குரூப் ஃபோர் வகுப்புக்கு அரை மணி நேரம் இருந்தது. விண்ணப்பத்தில் சேஸ் நம்பரின், அதாவது அடிச் சட்டத்தில் அடித்திருக்கும் நம்பரின், பென்சில் பிரதி ஒட்ட வேண்டும். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் அப்படியே விழும். அதைத்தான் இன்ஸ்பெக்டர் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

பாய் தாளும் பென்சிலுமாக வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தார். தேய்த்தார். தாள் வெறும் கறுப்பாக வந்தது. ரெட் ஆக்சைடைச் சுரண்டிவிட்டு மறுபடி தேய்த்தார். அதே கறுப்பு. டார்ச் எடுத்துவரச் சொன்னார்.

“தங்கச்சி, இங்க கிரைண்டர் போட்டியா?”

நான் நோட்டைப் பிரித்தேன். கட்டம் 7. “கடினமான துரு. கிரைண்டர். நன்றாக வந்தது.” டிக்.

அது துரு இல்லை. துருவுக்குள் இருந்த பதினோரு எழுத்து.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “வண்டி உள்ள வந்த ஒடனே நம்பர் மேல கிரீஸ் தடவி டேப் ஒட்டிருவேன். இருவது வருசமா எந்த வண்டிக்கும் ஒட்டாம இருந்ததில்ல. அன்னைக்கு ஆட்டுக்காரன் போன் மேல போன் பண்ணிக்கிட்டே இருந்தான்.”

நோட்டை மூடினேன். வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

“ஆர்சில நம்பர் இருக்கு பாய். அதையே அடிச்சிரலாம். நம்ம வண்டிதானே, நம்ம நம்பர்தானே.”

“எழுத்து அடிக்கிற பஞ்ச் எங்கிட்ட இருக்கு. கை எட்டுற தூரத்துலதான் இருக்கு. தொடமாட்டேன்.”

“நீங்க டேப் ஒட்டல.”

“ஒட்டல. பாதித் தப்பு என்னோடது. அதுக்காக முழுத் தப்பையும் செய்யச் சொல்றியா?” அவர் குரலை உயர்த்தவில்லை. “ஆர்டிஓ ஆபீஸ்ல உள்ளத எழுதிக் குடு. போலீஸ்ல விசாரிப்பாங்க. அப்புறம் நம்பர் அடிக்க அவங்களே உத்தரவு தருவாங்க. அதுக்கு வழி இருக்கு.”

“எத்தனை நாளாகும்?”

“ஒரு மாசம். மூணு மாசம்னும் சொல்லுவாங்க.”

எட்டு நாள்தான் இருக்கிறது. காலில் விழட்டுமா என்று கேட்டேன். பாய் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூன் 26, வியாழன்

நேற்று வகுப்புக்குப் போகும் வழியில் இரும்புக் கடையில் பஞ்ச் வாங்கினேன். எழுத்து ஒரு பெட்டி, எண் ஒரு பெட்டி. சாவி இன்னும் என்னிடம்தான் இருந்தது. இன்று காலை ஆறு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். உதிரித் தகட்டில் பதினோரு எழுத்தையும் மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை வரிசை நேராக வந்தது. பிறகு சட்டத்தில் ஸ்கேல் வைத்து முதல் எழுத்தை அடித்தேன். எம்.

இரண்டாவது எழுத்தை அடிக்கவில்லை. மனசாட்சி தடுத்தது என்று எழுதத்தான் ஆசை. எழுத்து இடது பக்கம் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

பாய் வந்தபோது நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். குனிந்து பார்த்தார்.

“நேத்து வரைக்கும் இது அழிஞ்ச நம்பர்” என்றார். “இன்னைக்குத் திருத்துன நம்பர்.” கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

ஆர்டிஓ ஆபீசுக்குப் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன், “பாஸா?” என்றான்.

“சர்வர் வேலை செய்யலண்ணே. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

“கவர்மெண்டு சர்வராச்சே, அது பாவம்” என்று சிரித்தான். முடிவெட்ட ஆள் வரவழைத்திருக்கிறான். முகம் பளிச்சென்று இருக்கிறது. வேலூர் போகிற வழியில் எங்கெங்கே நிழலில் நிறுத்தலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். புண்ணுக்கு மருந்து வைக்கும்போது இன்று வாடை அதிகம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு சொன்னேன்; இல்லாவிட்டால் பாதியில் பொய்க்குள் போய்விடுவேன் என்று தெரியும். கட்டம் ஏழு. கிரைண்டர். பென்சில். பஞ்ச். எம். சர்வர்.

கிரைண்டர் வரைக்கும் அண்ணன் அமைதியாகத்தான் இருந்தான். “சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு” என்று அம்மாவிடம்கூடச் சொன்னான். பஞ்ச் என்றதும் தலையைத் தூக்கினான்.

“அடிச்சியா?”

“ஒரு எழுத்துதான்.”

“என்னைய இடிச்சானே, அவனும் ஒரு எழுத்துலதான் ஆரம்பிச்சிருப்பான்.”

அம்மா, “ஏப்பா, உனக்காகத்தானே” என்று ஆரம்பித்தாள்.

“எனக்காகன்னு சொல்லாதம்மா. அவன் எவனுக்காக அடிச்சானோ.” மூச்சு வாங்கியது அவனுக்கு. தலைமாட்டில் இருந்த டம்ளரை எடுத்து எறிந்தான். கதவில் பட்டு என் காலடியில் உருண்டது. “நான் இங்க படுத்துக்கிட்டு அந்தப் பெட்டில ஏறமாட்டேன், ஏறமாட்டேன்னு சொல்லச் சொல்ல, நீ அங்க போயி அவனாட்டம் ஆயிட்டு வார.”

நான் டம்ளரை எடுத்து மறுபடி தலைமாட்டில் வைத்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஆம்புலன்சச் சொல்லு. நான் போறேன். நீ இனிமே அந்தச் சுத்தியலத் தொடக் கூடாது.”

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவனைக் கூட்டிப்போகத்தான் இவ்வளவும் செய்தேன். இப்போது என்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற அவன் அந்தத் தகரக் கட்டிலுக்குச் சம்மதிக்கிறான். ஏழு மணி நேரம். போன தடவை தோல்தான் கிழிந்தது. இந்தத் தடவை கிழிய அங்கே தோல் இல்லை.

ஜூன் 30, திங்கள்

மத்தியானம் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டி தேய்ப்பதை நிறுத்தினார். வேனுக்குள் ஏறினார். ஸ்பானர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், படுக்கையின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஆம்புலன்ஸ் உள் அகலம் என்னன்னு கேளு. டிரைவர்ட்ட கேக்காத, நீயே போயி அள.”

நானே போய் அளந்தேன். இரண்டு தடவை. படுக்கை மூன்று அங்குலம் அதிகம். பாய் ஒரு பக்கத்தை வெட்டிப் பற்றவைத்தார். கைப்பிடி இருந்த பக்கத்தை வெட்டவில்லை.

ஜூலை 2, புதன்

இதை ஆம்புலன்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலை ஐந்தரைக்கு பாய் ஆட்டோவில் படுக்கையைக் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் சடையாண்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“என் வண்டில ஓட்டை கீட்டை போட்டீங்க, நான் பொறுப்பில்ல பாய்.”

“உன் வண்டில ஏற்கெனவே இருக்குற ஓட்டைலதான், அப்பு, போல்ட்டு மாட்டப் போறேன். கதவப் புடி.”

தகரக் கட்டிலைக் கழற்றி எங்கள் வீட்டு வாசலில் வைத்தார்கள். அண்ணனை நான்கு பேராகத் தூக்கினோம். அவன் கைப்பிடியைத் தேடிப் பிடித்தான். பாயைப் பார்த்துத் தலையசைத்தான். என்னை மூன்று நாளாகப் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை.

அரை மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். 6.30 வலது. 7.00 இடது. 7.30 வலது, அவனாகவே திரும்பினான். 8.00 இடது. துணியில் கசிவு ஒரு ரூபாய்க் காசு அளவு, ரத்தமில்லை. கரூர் தாண்டிவிட்டோம். சுருள் கம்பி கிறீச்சிடுகிறது. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். ஆபரேஷன் தாங்குமா, புண் எலும்பு வரை போயிருக்குமா, அங்கே பார்த்துத்தான் சொல்வார்கள். ஜூன் எட்டாம் தேதி பிரஷோடு நிறுத்தியிருந்தால் இப்போது ஜன்னல் திறந்த எங்கள் வண்டியில் போய்க்கொண்டிருப்போம். இதை எத்தனை தடவை எழுதினாலும் அந்தத் தேதி மாறாது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன்.

8.30. திருப்புவதற்குக் குனிந்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே பேசினான்.

“ஜோதி.”

“என்னண்ணே.”

“அந்த எம்மு.”

நான் அவன் தோளுக்கு அடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

“அத மறுபடி கிரைண்டர் போட்டு எடுத்துராத. அப்படியே கொண்டுபோயி இன்ஸ்பெக்டர்ட்டக் காட்டு. நான்தான் அடிச்சேன்னு சொல்லு.”

“சரிண்ணே.”

“எம்புட்டு நாளானாலும் பரவால்ல. சொல்லிட்டு அடி.”

கைப்பிடியைப் பிடித்து வலது பக்கம் திரும்பினான். அடுத்தது 9.00, இடது.