வெள்ளிக்கிழமை தேதியிட்ட கடிதம்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் அக்காவின் இரங்கல் கூட்டத்தில் கிடைத்தது. நூலகத்தின் கீழ்த்தள அறை, எண்பது நாற்காலி, நூற்றைம்பது பேர். கூடப்பிறந்தவள் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் கதைக்கு ஏதாவது தேறுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறவன் புத்தி. அவள் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

அக்கா முப்பத்தொரு வருடம் அரசு வக்கீல். வாரத்தில் ஐந்து நாள் அரசாங்கத்துக்காக வாதாடுவாள். சனிக்கிழமைகளில் இதே அறையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக மனு எழுதிக் கொடுப்பாள். பாதி மனு அரசாங்கத்தின் மேல்தான். ஐந்து நாள் போட்ட முடிச்சை ஆறாம் நாள் அவிழ்க்கிறாயா என்று கேலி செய்வேன். தன் அலுவலக வழக்கு ஏதாவது மேசைக்கு வந்தால் தொட மாட்டாள்; வேறு ஆளைக் கைகாட்டி அனுப்பிவிடுவாள்.

கூட்டத்தில் சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "அந்தம்மா எனக்கு எதிர்க்கட்சி வக்கீலு. ஆனா என் கண்ணீரைப் பாத்து மனசு எறங்கி, என் கடையைக் காப்பாத்திக் குடுத்தாங்க" என்றார். அறையே மூக்கை உறிஞ்சியது. எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

2.

தொடக்கம் ஒன்று: நீதி தேவதையின் கண்கட்டு அன்று சற்றே நெகிழ்ந்து... (சீ.)

தொடக்கம் இரண்டு: அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் ஒரு தாயின் இதயம்... (அக்கா மானநஷ்ட வழக்குப் போடுவாள்.)

தொடக்கம் மூன்று: நேராக விஷயத்துக்கு வருவது.

சாலையை அகலப்படுத்தக் கடையை இடிக்க வேண்டும். கடை நிற்பது அரசு நிலம். இது அக்கா தரப்பு வழக்கு. கடைக்காரரிடம் அதை மறுக்க ஒரு தாளும் இல்லை. திங்கட்கிழமை இறுதி விசாரணை. அதற்கு முந்தின சனிக்கிழமை, நூலகத்தில் யாரோ மனு எழுதித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். வந்து பார்த்தால் மேசையில் எதிர்க்கட்சி வக்கீல். அங்கேயே உடைந்து அழுதார்.

திங்கட்கிழமை நீதிபதியின் முன்னால் ஒரு பழைய நில அளவை வரைபடம் இருந்தது. அரசாங்கக் கோப்புக்குள்ளேயே கிடந்தது. கடை அவர் நிலத்தில்தான் நிற்கிறது என்று அதில் பளிச்சென்று தெரிந்தது. தோண்டி எடுத்துக் கொடுத்தவள் அக்கா. அரசு தோற்றது. அடுத்த இரண்டு வருடம் அவளை நீதிமன்றத்துப் பக்கமே விடாமல், ஜன்னல் இல்லாத அறையில் கோப்பு சரிபார்க்க உட்கார வைத்தார்கள். இங்கே யாரும் குறுக்கே பேசுவதில்லை, சௌகரியமாக இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

நடுவில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையை நான் நிரப்பினேன். அக்கா சாப்பிடவில்லை. அந்த மனிதரின் கண்ணீர் அவளைத் துரத்துகிறது. மழை பெய்கிறது. நான்கு பக்கம். நன்றாகவே வந்திருந்தது.

3.

அக்கா மகளுக்கு அனுப்பினேன். அன்று மாலையே ஒரு பழைய கோப்போடு வந்து நின்றாள்.

"அந்த ஞாயித்துக்கெழமை அம்மா நல்லா சாப்பிட்டாங்க மாமா. எனக்குப் பரீட்சைக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க."

கோப்பிலிருந்து ஒரு கடித நகலை எடுத்து வைத்தாள். வரைபடத்தை நீதிமன்றத்துக்கும் கடைக்காரருடைய வக்கீலுக்கும் அனுப்பிய கடிதம். கீழே அக்காவின் கையெழுத்து. மேலே தேதி: வெள்ளிக்கிழமை.

"அவர் வந்து அழுததுக்கு முந்தின நாளு" என்றாள்.

[இங்கே நான்கு பக்கம் குப்பைக்குப் போயின. மழைக்காக மட்டும் கொஞ்சம் வருத்தம்.]

4.

அப்படியென்றால் சனிக்கிழமை அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து அழுகிறார். அவர் ஜெயித்தாயிற்று என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பாரே என்று கத்தினேன். அக்கா மகள் பொறுமையாக விளக்கினாள். அவருக்கென்று ஒரு வக்கீல் இருந்தார். அந்த வக்கீல் இல்லாத இடத்தில் அவருடைய கட்சிக்காரரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கைப் பேசுவது முறையில்லை, நல்ல செய்தியாக இருந்தாலும் சரி. அக்கா தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறாள். பிறகு அவள் சொன்னதைக் கடைக்காரரே கூட்டத்தில் சொன்னார்: "நான் இதை எழுதக் கூடாது. உங்க வக்கீலைப் போய்ப் பாருங்க. இன்னிக்கே போங்க."

அவர் போகவில்லை. நம்பிக்கை விட்டுப்போய்க் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

(இந்தப் பாத்திரத்தை வாசகருக்குப் பிடிக்குமா? நான்கு பக்க அக்கா எல்லோருக்கும் பிடித்திருப்பாள். இவள் கொஞ்சம் சிரமம்.)

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் நூலகத்துக்கே வராமல், ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் இருந்திருந்தாலும் அந்த வரைபடம் போய்ச் சேர்ந்திருக்கும். முகம் தெரியாத யாருடைய கடையாக இருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கும். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இவள் என் அக்கா என்று சொல்லிக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், மறைப்பானேன்.

5.

சிக்கல் ஒன்று மிச்சம். கடைக்காரர் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் அந்த இரக்கத்தின் கதையைச் சொல்லித்தான் வாழ்கிறார். இது அச்சானால் அவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

முடிவு அ: கதையை அச்சுக்குக் கொடுக்காமல் விடுவது.

முடிவு ஆ: சைக்கிள் கடையைத் தையல் கடையாக்குவது. (யார் ஏமாறுவார்கள்?)

முடிவு இ: அவர் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு... (போதும்.)

அப்படியே விட்டுவிடலாமா என்று அக்கா மகளிடம் கேட்டேன்.

"எத்தனை வருஷம் மாமா அவர் நன்றி சொல்லிக்கிட்டே இருப்பாரு? கடை நிக்கறது அவரோட சொந்த எடம்."

இன்று காலை இதுவரையிலான பக்கங்களையும் கடித நகலையும் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். (இந்தப் பத்தி அவர் கையில் இருக்கும் தாளில் இல்லை, எதிரே நின்றுகொண்டே எழுதுகிறேன்.) மானநஷ்ட வழக்கு என்ற வரியில் சிரித்தார். மூன்றாவது பகுதிக்கு வந்ததும் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். இப்போது கடைசித் தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்கிறார்.

அவர் என்ன சொல்கிறார் என்பதை நான் எழுத மாட்டேன். உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவரை மறுபடியும் நன்றி மட்டும் சொல்ல வைக்காதீர்கள்.