சம்ப்புக்குள் எரிந்த மெழுகுவர்த்தி

“எரியுற மெழுகுவர்த்தி மேல டம்ளரைக் கவிழ்த்தா ஏன் அணையுது, ஷோபா?” என்று எட்டாம் வகுப்பில் மௌரீன் டீச்சர் கேட்டார். பதில் தெரியும். எழுந்து நின்றேனே தவிர வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடம் போவதே நின்றுபோனது.

அந்தப் பதிலைப் போன வாரம்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில், தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சம்ப் என்போம். பக்கத்துச் சாக்கடை கசிந்து உள்ளே போனதிலிருந்து மாதக்கணக்கில் மூடியே கிடந்தது. அதைக் கழுவ, மாடியில் குடியிருக்கும் பிளம்பர் தியோடர் அண்ணன் மூடியைத் திறந்து ஏணியை இறக்கினார். அவர் மனைவி பிரிஜெட் அக்கா வாளியோடு நின்றார்.

“அண்ணே, உள்ளே காத்து இருக்காது. மொதல்ல மெழுகுவர்த்தி விட்டுப் பாருங்க. அணைஞ்சா இறங்காதீங்க” என்றேன்.

“அய்யோ மாதாவே, இவளுக்குப் பேச வருதே!” என்று அக்கா சிரித்தார்.

அண்ணன் பெயின்ட் டப்பாவில் மெழுகுவர்த்தியை நட்டு, கயிறு கட்டி இறக்கினார். மூவரும் குனிந்து பார்த்தோம். சுடர் நிமிர்ந்து எரிந்தது.

“இன்னா டீச்சரம்மா, பாஸா பெயிலா?”

“பாஸ்தான் அண்ணே. இறங்கலாம்.”

இறங்கினார். கீழே கறுப்புச் சேறு. மண்வெட்டியை அதில் குத்திப் புரட்டினார். குமிழிகள் கிளம்பின. அழுகின முட்டை நாற்றம் மேலேவரை வந்தது.

“த்தூ, இன்னா நாத்தம் இது” என்றவர் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. இரண்டு படி ஏறினார். அவர் கை ஏணிப் படிக்குள் மாட்டிக்கொண்டது. தலை தொங்கியது.

பக்கத்திலேயே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தேன். அது எரியும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே படித்தேன்? மௌரீன் டீச்சரின் டம்ளருக்குள் சேறு இல்லை; சேற்றைக் கிளறினால் கிளம்பும் விஷவாயுவை மெழுகுவர்த்தி காட்டிக்கொடுக்காது.

“ஏங்க! ஏங்க!” பிரிஜெட் அக்கா ஏணியில் கால் வைத்துவிட்டார். பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“விடுடி! நீதானேடி பாஸ்னு சொன்னே! விடு!”

என் முடியைப் பிடித்து இழுத்தார், கையைப் பிறாண்டினார். நான் விடவில்லை. விட்டால் உள்ளே இரண்டு தலைகள் தொங்கும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அன்றுவரை தெரியாது.

எதிர் வீட்டுக் கட்டட வேலைக்காரர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். “யாரும் இறங்காதீங்க!” என்று அலறினேன். ஒருவர் குப்புறப் படுத்து, மாட்டியிருந்த கையில் சுருக்குப் போட்டார். நாலு பேர் இழுத்தார்கள்.

வெளியே கிடத்தியபோது அண்ணனின் உதடு நீலமாக இருந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. யாரோ அவர் மார்பைத் தட்டினார்கள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார்கள். இருமினார். வாந்தி எடுத்தார்.

“உசுரு கீதும்மா, ஆட்டோவைக் கூப்பிடு!”

அவரைத் தூக்கி ஏற்றினார்கள். கீழே கிடந்த அவருடைய ஒற்றைச் செருப்பை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அக்கா என் கையிலிருந்த நகக்கீறலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திட்டினாலும் போதும் என்று நின்றேன்.

செருப்பை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.