மஞ்சள் பூசிய மேய்ச்சல்

வரைபட அலுவலகத்தில் அவளுக்குப் 'பெயிண்ட் அக்கா' என்று பெயர். வானத்திலிருந்து எடுத்த நிலப்படங்களைத் திரையில் விரித்து, பயிருக்குப் பச்சை, காட்டுக்குக் கரும்பச்சை, தரிசுக்கு மஞ்சள் என்று பூசுவதுதான் பிழைப்பு. மஞ்சள் பூசிய இடத்தில் கரும்பு நடுவார்கள். அதிலிருந்து இறக்கும் எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலந்து ஓட்டினால், வண்டி விடும் புகையால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லையாம். சுவரில் அப்படித்தான் ஒட்டியிருந்தது. அவளும் நம்பினாள். நம்பாமல் நாள் பூரா அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

அந்த அலுவலகத்தில் மழைக்காலப் படங்களை யாரும் சீண்டுவதில்லை. மேகம் மறைத்துவிடும். கோடையில் எடுத்த படம்தான் பளிச்சென்று இருக்கும். ஆனால் கோடையில் எந்த மேய்ச்சல் நிலம் பச்சையாக இருக்கிறது? காய்ந்த புல்லை மேலிருந்து பார்த்தால் மொட்டை மண்தான். அது தீனி என்று ஆடுகளுக்குத் தெரியும். ஆடுகளை யார் கேட்டார்கள்?

அவள் தம்பி ஆடு வளர்ப்பவன். மலையடிவாரத்துப் பொது மேய்ச்சல் நிலத்தை நம்பித்தான் அவன் குடும்பம் ஓடியது. அவளோ கல்யாணமாகி நகரத்துக்கு வந்தபின் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. திரையில் அதே நிலம் வந்தபோது அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் பூசிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அங்கே டிராக்டர் இறங்கிய அன்று தம்பி போனில் புலம்பித் தீர்த்தான். அவள் மேலாளரிடம் போய்த் தப்பு நடந்துவிட்டது என்று சொன்னாள். அவர் சிடுசிடுக்கவில்லை. கரும்புக்கு இத்தனை ஏக்கர் என்று கணக்கு இருக்கிறது, இதை எடுத்தால் பதிலுக்கு யாருடைய வயலையாவது கொடுத்தாக வேண்டும், எதைக் கொடுக்கலாம் என்று நீங்களே காட்டுங்கள் என்றார். அவள் காட்டவில்லை. பூசியது தான்தான் என்று தம்பியிடமும் மூச்சு விடவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த கோடைப் படங்கள் வந்தன. போர் போட்டு நீர் பாய்ச்சிய கரும்பு பிரமாதமாக வளர்ந்திருந்தது. அதற்கு மேலே, மலைச்சரிவில், காட்டுக்குள் ஒரு புது வழுக்கை. யாரோ மரங்களை வெட்டி ஆட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! தம்பிதான். காடு அழிந்த இடத்தில் சிவப்பு பூச வேண்டும். சிவப்பைப் பார்த்தால் வனத்துறை ஜீப் கிளம்பும். கரும்பால் மிச்சமான புகைக்கு அலுவலகத்தில் கணக்கு இருந்தது. கரும்பு மேய்ச்சலைப் பிடித்ததால் போன இந்த மரங்களை அந்தக் கணக்கில் கழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாடிப்படியில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"உடனே கீழ இறங்கிடுடா. பிடிக்க ஆள் வருவாங்க."

"எங்க இறங்கறது? கீழ பூரா கரும்பு." பின்னால் ஆடுகள் கத்தின. "மரம் வெட்டணும்னு எனக்கென்ன ஆசையாக்கா? நீதான் தெனமும் மேல இருந்து எல்லா எடத்தையும் பாக்கறியே. எங்கயாவது நெலம் சும்மா கெடந்தா சொல்லு, ஓட்டிட்டுப் போயிடறேன்."

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். பதிலுக்காக லைனிலேயே காத்திருந்தான்.